கோஷா வண்டி

எங்கள் டாக்டர் எழுதுகிற இங்கிலீஷைப் படிக்கத் தெரிந்தவர்கள் மயிலாப்பூரிலேயே இரண்டு பேர்தான். ஒருவர் டாக்டர். இன்னொருவன் நான். சில நாள் அவருக்கே புரியாமல் சீட்டை என் பக்கம் நீட்டி, "தங்கவேலு, இது என்ன எழுதியிருக்கேன் பாரு" என்பார். கம்பவுண்டர் வேலையில் என் மூலதனம் அதுதான். மருந்து கலக்குவது பெரிய வித்தை இல்லை. சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று மூன்று மிக்ஸ்சர். எதைக் குலுக்கி எதில் ஊற்றுவது என்று தெரிந்தால் போதும். சீசாவின் வயிற்றில் காகிதத்தைக் கத்தரித்து வேளைக்கு இவ்வளவு என்று ஒட்டிவிட்டால் நோயாளி பாதி குணமாகிவிடுவான்.

மெஹபூப் பாஷாவின் சீட்டையும் அப்படித்தான் ஒரே பார்வையில் படித்தேன். படிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வதுண்டு.

பாஷா பாய் ஜட்கா ஓட்டினவர். கச்சேரி ரோடு மசூதிக்குப் பின்னால் இருந்த சந்தில் வீடு. வீடு என்றால் முன்னால் ஓர் அறை, பின்னால் ஒரு தாழ்வாரம், அதை ஒட்டிக் குதிரைக் கொட்டகை. மனிதர்களுக்கு இருந்ததைவிடக் குதிரைக்கு இடம் தாராளம். மனைவி ஹாஜிரா பீ. ஒரே மகள் வஜீஹாவை வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வீட்டில் உருது, வெளியில் எங்களைப் போலவே பட்டணத்துத் தமிழ்.

யுத்தம் வந்து பெட்ரோலுக்கு ரேஷன் போட்டபோது எங்கள் டாக்டர் கல்யாணராமன் தன் சின்ன ஆஸ்டின் காரைச் செங்கல் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, பாஷா பாயின் வண்டியை மாசச் சம்பளத்துக்கு அமர்த்தினார். மூன்று வருஷம் அந்த வண்டியில்தான் வீடு வீடாகப் போனோம். டாக்டர் முன்னால், நான் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால். ஏறி உட்கார்ந்ததும் பாஷா பாய் தவறாமல் சொல்லுவார்: "தம்பி, கொஞ்சம் முன்னாடி வா. பின்பாரமா கீது, குதிரைக்குக் கழுத்து இழுக்கும்." நான் டாக்டர் முதுகில் முட்டுகிற மட்டும் நகர்ந்த பிறகுதான் வாரை அசைப்பார்.

குதிரையின் பேர் மோத்தி. வெள்ளைப் பெட்டைக் குதிரை. காலையில் டாக்டர் ஏறியதும் லஸ் பக்கம் திரும்பும். கோபாலபுரத்தில் ரத்தக்கொதிப்பு ஜட்ஜ் வீட்டு வாசலில் நிற்கும். அங்கிருந்து ராயப்பேட்டையில் பிரசவ வீடு. வெள்ளிக்கிழமையானால் அடையாறு பாலம் தாண்டி ஊரூர் வரைக்கும் போய், புல்லுக்கட்டுக்காரி செண்பகத்தின் குடிசை முன்னால் நிற்கும். புல் ஏற்றிக்கொண்டு திரும்பும். வழியெல்லாம் பாஷா பாய் மகளின் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டு வருவார். ஒரே சவாரியில் மூன்று தடவை சொன்ன நாளும் உண்டு.

"பாஷா, இதை இப்பத்தானே சொன்னே" என்று டாக்டர் சிரிப்பார்.

"சொன்னனா? நல்ல சமாச்சாரத்த எத்தினி தபா சொன்னா இன்னா ஸாப்" என்று அவரும் சிரிப்பார்.

அந்த வண்டியில் அப்போது சவாரி மூன்று பேர். டாக்டர், நான், பாஷா பாய். ஓட்டினது மோத்தி. மூளைக்கும் சேர்த்து வைத்தியம் படித்த மனிதர் மூன்று வருஷம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நாற்பத்தாறாம் வருஷம் தை மாசத்தில் மோத்தி வயிறு ஊதிச் செத்துப்போயிற்று. அதற்குள் யுத்தம் முடிந்து டாக்டர் காரைச் செங்கல்லிலிருந்து இறக்கிவிட்டார். பாஷா பாய் மறுபடி லஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். அவருக்குப் பல்லாவரம் சந்தையில் ஒரு செவலைக் குதிரையைப் பிடித்துக் கொடுத்தது ஹாஜிரா பீயின் தம்பி கலீமுல்லா. அவன் லாடம் அடிப்பவன். மயிலாப்பூர் ஸ்டாண்டுகளில் இருந்த அத்தனை குதிரையின் குளம்பும் அவன் மடியில் இருந்து எழுந்ததுதான்.

ஒரு மாசம் கழித்து அவன் முழங்காலில் உதை வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தான். நான் அயோடின் வைத்துக் கட்டுப் போட்டேன்.

"மெதுவா நைனா, மெதுவா. உசுரு போவுது."

"எந்தக் குதிரை உதைச்சுது?"

"எல்லாம் நம்ம மச்சான் குதிரைதான். அந்தச் செவல. அது குதிரை இல்ல, சனியன். முந்தாநேத்து இன்னா ஆச்சு தெரியுமா? லஸ்ல ஒரு வாத்தியாரம்மா ஏறிக்கினு கோபாலபுரம் போன்னுச்சு. இது எங்க இஸ்துகினு போச்சு? அடையாறு பாலத்துக்கு! மச்சான் பாலத்தாண்ட வண்டிய நிறுத்தி, 'எறங்குங்கம்மா, கோபாலபுரம் வந்துருச்சு'ங்கறாரு. அந்தம்மா தண்ணியப் பாத்து அழுவுது."

"குதிரை இழுத்துக்கிட்டுப் போனா அவர் திருப்ப வேண்டியதுதானே?"

"அதான் நானும் கேட்டேன். சொம்மா சிரிக்கறாரு. அப்பால நான் லாந்தர் வெச்சி அது மூஞ்ச நல்லா பாத்தேன். கண்ணுக்குக் கீழ சுழி! கண்ணீர் வுழுற எடத்துல. வாங்கசொல்ல எப்பிடியோ என் கண்ணுல படாம பூடுச்சு. அந்தச் சுழி கீற குதிரை ஊட்டுக்காரன அழவெச்சிட்டுத்தான் போவும். தப்பு என்துதான். வித்துடலாம்னு கீறேன்."

குதிரை வாங்குகிறவர்கள் சுழி பார்ப்பது எனக்கும் தெரியும். நெற்றியில் இருந்தால் நல்லது, இன்ன இடத்தில் இருந்தால் ஆகாது என்று பெரிய சாஸ்திரமே வைத்திருப்பார்கள். அதனால் சரிதான் என்றேன். சுழி அந்தக் குதிரையின் கண்ணுக்குக் கீழே இருந்தது வாஸ்தவம். அதை வேறு யாரோ ஒருவர் வண்டிக்கு விற்றார்கள். அங்கே பல வருஷம் ஒழுங்காக ஓடிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்து வந்தது கறுப்பு மட்டக்குதிரை. இந்தத் தடவை கலீமுல்லா வால் நுனி வரைக்கும் சுழி தேடிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசினான். குறை ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் புல் வாங்கப் போன பாஷா பாய் மத்தியானம் வரை வரவில்லை. ஊரூர்க் குப்பத்து மணலில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாராம். குதிரை கிடைத்ததை மேய்ந்துகொண்டிருந்ததாம். செண்பகம்தான் கடிவாளத்தைப் பிடித்து மயிலாப்பூர் வரை நடத்திக்கொண்டு வந்து விட்டாள்.

அவள் ஹாஜிரா பீயிடம் சொல்லிவிட்டுப் போனதை ஹாஜிரா பீயே பிற்பாடு என்னிடம் சொன்னாள்: "'குதிரய ஏன் பீ திட்டுற? அது இன்னா பண்ணும்? எங்க போவணும்னு அது நின்னு நின்னு அவரக் கேட்டுகினு கீது. அவரு வார புடிச்சிகினு சொம்மா குந்திகினு கீறாரு. மோத்தி கேக்காம போவும். இது கேக்குது, அவ்ளோதான்' அப்படின்னா தம்பி. அன்னியோட குதிரையத் திட்டறத வுட்டேன்."

வைகாசியில் லைசென்ஸ் புதுப்பிக்க வண்டியையும் குதிரையையும் காட்டப் போனார்கள். குதிரை தேறிவிட்டது, வண்டி தேறிவிட்டது. இன்ஸ்பெக்டர் பேச்சுவாக்கில், "லஸ்லேருந்து எழும்பூர் ஸ்டேஷனுக்கு எப்படிய்யா போவே?" என்று கேட்டாராம். முப்பது வருஷம் ஓட்டின மனிதர் குதிரையின் முகத்தைப் பார்த்தார். ஐப்பசி பிறக்கும் வரை தவணை கொடுத்து, அதற்குள் டாக்டர் கடிதம் கொண்டுவந்தால்தான் லைசென்ஸுக்கு அடையாளமாகக் கையில் கட்டுகிற பித்தளை வில்லை மேற்கொண்டு செல்லும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆனி மாசம் ஒரு காலையில் பாஷா பாயை அழைத்துக்கொண்டு ஹாஜிரா பீ வந்தாள். துவைத்த சட்டை, புதுத் தொப்பி. சோதனைக்கு வந்தவரைப் போல இல்லை, டாக்டரைச் சோதிக்க வந்தவரைப் போலச் சிரித்த முகமாக உட்கார்ந்தார். டாக்டர் கண் பார்த்தார், முழங்காலில் தட்டிப் பார்த்தார், பிறகு கேள்வி கேட்டார்.

"பாஷா, இது என்ன வருஷம்?"

"யுத்தம் நடக்குது இல்ல ஸாப், அந்த வருஷம்தான்."

"இப்ப எங்கே உக்காந்துண்டிருக்கே?"

பாஷா பாய் சுவரைப் பார்த்தார், மருந்து அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெரிய மனுஷங்க வூடு" என்றார்.

"இருவதுலேருந்து மூணு போனா?"

"சில்லறை எல்லாம் அவதான் ஸாப் பாத்துக்குவா."

"சரி, உன் சம்சாரம் பேர் என்ன?"

அதற்கு மட்டும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அதுகூடவா மறக்கும்? ஹாஜிரா." தடுப்புக்குப் பின்னால் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு அவர் சொன்ன சரியான பதில் அது ஒன்றுதான்.

டாக்டர் லைசென்ஸ் ஆபீஸுக்குக் கடிதம் எழுதினார். வழக்கம்போல என்னைக் கூப்பிட்டு, முகவரி சரியா என்று பார்க்கச் சொன்னார். எல்லாம் புரிந்தது. ஒரு சொல் மட்டும் புரியவில்லை. ப்ரீசீனைல் டிமென்ஷியா.

கடிதத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் போன பிறகு கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சீனைல்னா கிழத்தனம். ப்ரீன்னா அதுக்கு முன்னாடி. கிழவனாறதுக்கு முன்னாடியே மூளை மட்டும் கிழண்டு போயிடறது. டிமென்ஷியான்னா லத்தீன் பாஷையிலே மனசை விட்டு விலகிப் போறதுன்னு அர்த்தம்."

"மருந்து?"

"கிடையாது. இன்னும் போகும். வழி மறந்தாச்சு. அப்புறம் வேலை மறக்கும், மனுஷா மறக்கும், சாப்பிட மறக்கும். அவனுக்கு அம்பத்திரண்டுதான் ஆறது." கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "மூணு வருஷம் அவன் வண்டியிலே போனேண்டா. ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்றானேன்னு சிரிச்சிண்டு போனேன். யாரோ தெரியாத நோயாளின்னா கண்டுபிடிச்சிருப்பேன். போ, அடுத்த ஆளைக் கூப்பிடு."

மறுநாள் நல்ல கூட்டம். சளியும் சொறியுமாக வாசல்வரை நின்றார்கள். காலையிலிருந்து நின்று கால் கடுத்துப்போன வேளையில் மருந்து கொடுக்கிற ஜன்னலில் ஹாஜிரா பீயின் கை நீண்டது. கையில் அந்தக் கடிதம்.

"தம்பி, இத ஆபீஸ்ல குடுக்கறதுக்கு முன்னாடி நான் தெரிஞ்சிக்கணும். இதுக்கு இன்னா அர்த்தம்?"

டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாம். வரிசையில் பின்னால் நின்றவன் இருமினான். எனக்கு அலுப்பாக இருந்தது, பயமாகவும் இருந்தது. "மறதிம்மா. மறதிக்குத்தான் இங்கிலீஷ்ல அப்படிப் பேர்" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான். மருந்து தரேன். வேளைக்கு ஒரு கோடு."

சிவப்பு மிக்ஸ்சரை ஊற்றிக் காகிதம் ஒட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"இந்தக் காயிதத்த குடுத்தா வில்லைய வாங்கிடுவாங்களா?"

"வாங்கிடுவாங்க."

"குடுக்காம போனா?"

"ஐப்பசி பொறந்தா தானா போயிடும்."

"அதுக்கு இன்னும் மூணு மாசம் கீது" என்று சொல்லிக் கடிதத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். "தம்பி, ஊட்ல உக்கார வெச்சா அவரு கதவப் பாத்துகினே கீறாரு. கொள்ளு வெந்துச்சான்னு பத்து தபா கேக்கறாரு. வண்டில ஏத்தி வார கையில குடுத்தா போதும், முதுகு நிமிந்துடுது. பழைய ஆளு வந்துடறாரு. வண்டியப் புடுங்கிட்டா எனக்கு மிச்சம் இன்னா கீது சொல்லு."

நான் அடுத்த சீசாவை எடுத்தேன்.

நாலு நாள் கழித்து கலீமுல்லா கையில் லாடச் சுத்தியோடு வந்து நின்றான். அக்காள் ஒளித்துவைத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் காட்டியிருக்கிறான். அவர் அகராதியைப் புரட்டிப் பார்த்து, சுருக்கமாகப் 'பைத்தியம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"இன்னாய்யா இது? எங்க மச்சான பைத்தியம்னு எழுதிக் குடுத்துகீறீங்க! கல்லு எடுத்து அடிச்சாரா, துணிய கிழிச்சாரா? இன்னிவரைக்கும் ஒரு சவாரிய மரியாதை இல்லாம பேசிகீறாரா? இத ஆபீஸ்ல குடுத்தா அப்பிடியே கீழ்ப்பாக்கத்துக்கு இட்டுகினு பூடுவாங்க. நெனச்சிகினு கீறீங்களா?"

"கத்தாதே கலீமு. டாக்டர் உள்ளே இருக்கார்."

"இருக்கட்டுமே, அவராண்டதான் கேக்கணும்!"

அதற்குள் ஹாஜிரா பீ மூச்சிரைக்க ஓடிவந்துவிட்டாள். தம்பியின் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீ மறதின்னே. வாத்தியாரு பைத்தியம்னாரு. எது நெசம் தம்பி?"

"பைத்தியம் இல்லேம்மா. சத்தியமா இல்லை."

"அப்ப?"

வாய் வரைக்கும் வந்தது. கலீமுல்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "மறதிதான். மருந்தை விடாம குடுங்க, சரியாப் போகும்" என்று மறுபடி புளுகினேன். கலீமுல்லா உடனே இளகிவிட்டான். "அத மொதல்ல சொல்றதுக்கு இன்னா நைனா" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். ஹாஜிரா பீ மட்டும் நின்று புது சீசாவை வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு சீசா வாங்கிப் போவதோடு சரி. சரியாப் போகுமா என்று கேட்பாள், போகும் என்பேன்; வேறு பேச்சு இல்லை. ஆடி போய் ஆவணியும் பிறந்தது. ஒருநாள் மத்தியானம் வெற்றிலை வாங்க லஸ்ஸுக்குப் போனபோது பாஷா பாயின் வண்டியைப் பார்த்தேன். கறுப்பு மட்டக்குதிரை, அதே வண்டி. ஆனால் சுற்றிவரப் பச்சைத் துணியில் திரை கட்டியிருந்தது. முகம் மறைக்கிற கோஷாப் பெண்கள் வெளியே போக அப்படித் திரை கட்டின வண்டியைத்தான் அழைப்பார்கள். பாஷா பாய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் வில்லை பளபளத்தது.

"பாய், சவாரியா?" என்றேன்.

"ஆமா தம்பி, ஜனானா சவாரி" என்றார். என் பேர் தெரியாத மரியாதை அவர் முகத்தில் இருந்தது.

அப்போது திரைக்குள்ளிருந்து ஒரு குரல் தாழ்ந்த உருதுவில் ஏதோ சொன்னது. பாஷா பாய் வலது வாரை இழுத்தார். வண்டி ராயப்பேட்டைப் பக்கம் திரும்பிற்று. அந்தக் குரலை நான் வாரா வாரம் ஜன்னலில் கேட்கிறவன்.

அடுத்த முறை அவள் வந்தபோது, "நல்ல யோசனைதான்" என்று மட்டும் சொன்னேன். திடுக்கிட்டாள். பிறகு, மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி லேசாகச் சிரித்தாள்.

"ஆம்பள சவாரி ஏத்தினா நான் எப்பிடிக் கூடப் போறது? அதான் பொம்பளைங்க சவாரி மட்டும். பொண்ணுங்க ஸ்கூல் வாத்தியாரம்மா, நிக்காஹ் ஊட்டுக்குப் போறவங்க, தர்காவுக்குப் போறவங்க. எல்லாம் நம்ம சந்துப் பொம்பளைங்கதான். அவங்களாண்ட சொல்லிட்டேன். உள்ள ஒரு ஓரமா குந்திகினு, சோத்தாங்கை பக்கம், பீச்சாங்கை பக்கம்னு சொல்லிகினே போவேன். நான் சொன்னா கேட்டுக்கறாரு. வண்டி ஓட்டறதுல ஒரு கொற சொல்ல முடியாது தம்பி. குழி பாத்து ஓட்டறாரு. முன்பாரம் பின்பாரம் பாக்கறாரு. வழிதான் தெரியல. வழிய நான் சொல்றேன், அவ்ளோதான்."

"நாள் முழுக்கவா?"

"காலைல நாலுக்கு எழுந்து கொள்ளு வேக வெச்சி, குதிரையத் தேச்சி, வார் சரியா பூட்டியிருக்காரான்னு பாத்து, சோறாக்கி வெச்சிட்டு ஏறினா சாயங்காலம் அஸர் தொழுகைக்கு எறங்கறேன். இடுப்பு கழண்டு போவுது. உள்ள வெக்கை வேற." மருந்து சீசாவைப் பார்த்தாள். "ஆனா தம்பி, ஒரு பய அவர பைத்தியம்னு சொல்லல பாரு."

சொல்லவில்லை என்பது உண்மை. மயிலாப்பூர் முழுக்கப் பாஷா பாய் கோஷா வண்டி ஓட்டுகிறார், நல்ல மரியாதையான மனுஷர் என்றுதான் பேச்சு. மோத்தி செய்துகொண்டிருந்த வேலையை இப்போது ஹாஜிரா பீ செய்தாள். மோத்தியாவது வெயிலில் நின்றால் நாலு பேர் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். திரைக்குள்ளே இருக்கிறவளை யார் பார்த்தார்கள்?

ஐப்பசி பிறக்க மூன்று நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மாட வீதியில் கணுக்கால் தண்ணீர். ஆஸ்பத்திரியில் ஈ காக்கை இல்லை. டாக்டரும் வரவில்லை. நான் சீசாக்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஹாஜிரா பீ நனைந்தபடி வந்து, ஒரு துணி மூட்டையை ஜன்னல் பலகைமேல் வைத்தாள். உள்ளே பதினாலு சீசா. எல்லாவற்றிலும் சிவப்பு மருந்து அப்படியே இருந்தது. நான் ஒட்டின காகிதம்கூடக் கசங்கவில்லை.

"என் முட்டி வலிக்கும் இதே மருந்துதான் குடுத்தே. பக்கத்தூட்டு ஷாகிரா புள்ள இருமலுக்கும் இதே. மறதிக்கும் இதேன்னா நான் நம்புவனா?"

ஒரு சீசாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். "தெரிஞ்சும் ஏம்மா வாரா வாரம் வாங்கிட்டுப் போனீங்க?"

"சரியாப் போவும்னு நீ ஒருத்தன்தான் சொன்னே. அதக் கேக்கத்தான் வந்தேன்." ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப நெசத்த சொல்லு."

சொன்னேன். டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும். கிழத்தனத்துக்கு முன்னால் வருகிற கிழத்தனம், மனசை விட்டு விலகிப் போவது, மருந்து இல்லாதது. மனுஷர்கள் மறந்து போவார்கள் என்று டாக்டர் சொன்னதையும் விடவில்லை. அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் எனக்கு நேத்தே தெரிஞ்சிடுச்சு" என்றாள்.

"நேத்தா?"

"நேத்து சாயங்காலம் கடைசி சவாரி மீர்சாகிப்பேட்டைல எறங்கிருச்சு. உள்ள நான் மட்டும்தான். மழை வர்ற மாதிரி இருட்டிகினு வந்துச்சு. வூட்டுக்குத் திரும்பு ஜீன்னு சொல்லப் போறேன், அதுக்குள்ள அவரு வண்டிய நிறுத்திட்டு, திரையாண்ட திரும்பாம, ரொம்ப மரியாதையா கேக்கறாரு. 'அம்மா, நீங்க எங்க எறங்கணும்னு சொல்லலியே'ன்னு."

நான் கையிலிருந்த சீசாவைக் கீழே வைத்தேன்.

"வெளையாடறாருன்னு நெனச்சேன். 'நான்தான் ஜீ'ன்னேன். 'எந்த வூட்டம்மான்னு தெரியல, கோச்சிக்காதீங்க, எடத்த சொல்லுங்க'ங்கறாரு. இருவத்தஞ்சு வருஷமா கேட்ட குரல் தம்பி. 'மசூதிச் சந்துக்கு விடுங்க'ன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். 'நல்லதாப் போச்சு, என் ஊடும் அங்கதான். கொஞ்சம் முன்னாடி வந்து குந்துங்கம்மா, பின்பாரமா கீது'ன்னாரு. முன்னாடி போய்க் குந்தினேன். திரைக்கு அந்தாண்ட அவரு முதுகு. தொட்டா தொட்டுடலாம். தொடல. யாரோ பொம்பள தொடறான்னு பதறிடுவாரு இல்ல?"

"அப்புறம்?"

"வழி சொல்லிகினே வந்தேன். 'பரவால்லியே, உங்களுக்கு எல்லா வழியும் தெரியுதே'ன்னாரு. பாதி வழில மழை புடிச்சிருச்சு. 'சீக்கிரம் போவணும்மா, ஊட்ல என் சம்சாரம் தனியா கீது. இடி இடிச்சா பயப்படும். வாசலப் பாத்துகினே நின்னுகினு இருக்கும்'னு சொல்லிகினு குதிரைய வெரட்டறாரு. எனக்கு இடின்னா பயம்தான். கண்ணாலம் ஆன புதுசுல சொன்னது. உள்ள குந்திகினு வாயப் பொத்திகினு அழுதேன் தம்பி. அவருக்குக் கேக்கக் கூடாதுன்னு."

முக்காட்டு நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்து மொனைல நிறுத்தினாரு. எறங்கி சும்மா போவ முடியுமா? திரைக்குள்ளேருந்து கைய நீட்டி நாலணா குடுத்தேன். கண்ணுல ஒத்திகினு வாங்கினாரு. நான் அந்த மழைல பக்கத்துச் சந்து வழியா ஓடி, கொட்டகைப் பக்கமா உள்ள பூந்து, ஈர புர்காவக் கழட்டிக் கெடாசிட்டு, மூச்சப் புடிச்சிகினு போய் முன் கதவத் தொறந்தேன். அவரு அப்பத்தான் படியேறினாரு. என்னப் பாத்ததும் மூஞ்சி மலந்து போச்சு. 'ஹாஜிரா, பயந்துட்டியா?'ன்னாரு."

முகத்தை மறுபடி துடைத்துக்கொண்டாள். பிறகு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து டாக்டரின் கடிதத்தை எடுத்தாள். கொள்ளு மாவு ஒட்டியிருந்தது. கூடவே கறுப்புக் கயிற்றோடு பித்தளை வில்லையையும் எடுத்துப் பலகைமேல் வைத்தாள்.

"உள்ள குந்தறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நாளைக்கு யாரோ பொம்பள சொல்றா, நான் ஏன் கேக்கணும்னு வண்டிய வேற பக்கம் திருப்பிட்டா? உள்ள ஊரார் புள்ளைங்க கீதுங்க. அது தப்பு. கலீமு பேருக்கு லைசென்ஸ் எடுக்கறோம். இவரு பக்கத்துல குந்திகினு வரட்டும். நீ இத ஒரு கவர்ல போட்டு மேல ஆபீஸ் பேரு எழுது."

எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு மோசமாக நான் எழுதினதில்லை. டாக்டர் எழுத்தே தேவலை. அவள் கவரை முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு வாசல்வரை போய், எதையோ மறந்தவள் போலத் திரும்பினாள்.

"இன்னொண்ணு தம்பி. அந்த வாத்தியாரப் பாத்தா சொல்லு. பைத்தியம்னு எழுதிகீற அந்தப் புஸ்தகம் தப்புன்னு." முந்தானை முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஒரு நாலணாக் காசு. "உள்ள வந்ததும் வராததுமா இத என் கையில வெச்சாரு. 'இன்னிக்கு ஒரு நல்ல அம்மா வந்துச்சு ஹாஜிரா. பேரமே பேசல. உனக்குன்னு எடுத்தாந்தேன், வெச்சிக்க'ன்னாரு."

காசை மறுபடி முடிந்துகொண்டு மழையில் இறங்கினாள். கடிதத்தோடு ஆபீஸில் ஒப்படைக்க வேண்டிய வில்லை பலகைமேலேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினேன்.